தாண்டிப் போகிற படி

ஜடப் பொருள்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமா என்ற கேள்வி தத்துவ நூல்களில்தான் எழ வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒரு மரப்படிக்கட்டு இருந்தால் போதும், அதுவே கேட்டுக்கொண்டிருக்கும்.

நாங்கள் குடியிருப்பது பழைய வீடு. பர்மாத் தேக்கைக் கப்பலில் வரவழைத்துக் கட்டிய காலத்தது. மாடிக்குப் பதினான்கு படிகள். ஒவ்வொரு படியின் நடுவிலும் லேசான குழிவு. எத்தனையோ பாதங்கள் சேர்ந்து செய்த வேலை அது.

மரம் வெட்டுப்பட்ட பிறகும் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி மழையில் காற்றின் ஈரத்தை வாங்கி உப்புகிறது. சித்திரை வெயிலில் சுருங்குகிறது. வருஷா வருஷம் இப்படி நடப்பதால் ஆணி தளர்கிறது; பலகையோடு பலகை உரசிக் கிறீச்சிடுகிறது. அதைப் பேணுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தண்ணீரைக் கொட்டிக் கழுவாமல், பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். காலில் ஒட்டி வரும் மணல் உப்புத்தாளைப் போல மரத்தைத் தேய்த்துவிடும். ஆகையால் தினமும் பெருக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் மெல்லிய ஆப்பு ஒன்றைச் செருகி இறுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, படிகளுக்கு அடியில் குனிந்து விளக்கைப் பிடித்துப் பார்க்க வேண்டும். கறையான் தரையிலிருந்து மண்ணால் வழி கட்டிக்கொண்டு ஏறுகிறது. மேல் தோலை விட்டுவிட்டு உள்ளே தின்கிறது. வார்னிஷ் என்னவோ பளபளத்துக்கொண்டேதான் இருக்கும்!

நண்பர் ஒருவர் சிரித்தார். “பொருள் நமக்காக, நாம் பொருளுக்காக இல்லை. கெட்டால் மாற்றிவிட்டுப் போங்களேன், ஸார்” என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. ஜப்பானில் இஸே என்ற ஊரில் உள்ள ஆலயத்தை 20 வருஷங்களுக்கு ஒரு முறை புது மரத்தில் திரும்பக் கட்டுவது வழக்கம், 2013-லும் கட்டினார்கள். அங்கே பழைய மரத்தைக் கட்டிக்கொண்டு யாரும் அழுவதில்லை. ஆனாலும் அதை அலட்சியம் என்று யார் சொல்ல முடியும்?

அப்படியானால் கடமை மரத்துக்கு இல்லை. பின் யாருக்கு?

ஏழாவது படி ஆடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே நாளில் வீட்டில் உள்ளவர்களின் கால்கள் அதைக் கற்றுக்கொண்டுவிடும். இருட்டில்கூட ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிடுவோம். நமக்கு அபாயம் நீங்கிவிட்டது. அதோடு பழுது பார்க்கும் அவசரமும் நீங்கிவிட்டது. விழப்போவது, முதல் தடவையாக மாடி ஏறுகிற விருந்தாளி; ஊரிலிருந்து வந்த கிழவி; நேற்று நடக்கக் கற்றுக்கொண்ட குழந்தை. பழுதை அறிந்தவர்கள் தப்பித்துக்கொள்ள, அறியாதவர்கள் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

மரத்தில் மட்டுமா இப்படி? எத்தனை குடும்பங்களில் ஒருவருடைய முன்கோபத்தை, “அவர் சுபாவம் அது” என்று எல்லோரும் தாண்டிப் போகப் பழகியிருக்கிறார்கள்! புதிதாக வந்த மருமகள் அதில் கால் வைத்து விழுகிறாள். “பார்த்து நடந்துகொள்ளக் கூடாதா, அம்மா?” என்று அவளுக்கே உபதேசமும் கிடைக்கிறது.

ஒரு குறையோடு வாழப் பழகுவதைப் பொறுமை என்று நாம் மெச்சிக்கொள்கிறோம். நம் காலுக்கு மட்டும் வழி தெரிந்திருப்பது பொறுமையாகுமா? தெரிந்தவன் செய்ய வேண்டியது, ஒரு சுத்தியலையும் ஆப்பையும் எடுத்துக்கொண்டு குனிவதுதான்.