ஒரு விரல் நீளம்

நாற்பது வயதைத் தாண்டியவன் நீச்சல் கற்றுக்கொள்வதே அதிகம். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கக் கற்றுக்கொண்டேன். "கதை எழுதுகிறவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டாள் என் மனைவி. "சும்மா பார்க்கத்தான்" என்றேன். பார்ப்பது யாருக்கும் தீங்கில்லாத காரியம் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தமானில் ஹாவ்லாக் என்று ஒரு தீவு இருக்கிறது. 2018-இல் அதற்குச் சுவராஜ் துவீப் என்று பெயர் மாற்றினார்கள். அங்கிருந்து படகில் சிறிது தூரம் போனால், கடலுக்குள் மூழ்கிய குன்றுகள் இருக்கின்றன. மேலே பார்த்தால் வெறும் நீலத் தண்ணீர். உள்ளே இறங்கினாலோ, கோயில் கோபுரம் ஒன்று தண்ணீருக்குள் நிற்பது போல் பாறை எழும்பி நிற்கிறது. கோபுரத்தில் பொம்மைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்குமே, அந்த மாதிரி அதன் மேல் இடம் விடாமல் பவளங்கள்.

பவளம் என்றதும் கழுத்தில் கிடக்கும் சிவப்பு மணியை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது வேறு வகை. மிகச் சிறிய உயிர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கடல்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்து வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடம்புக்குள்ளேயே நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பவளம் இடம் கொடுக்கிறது. பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது. பவளத்தின் நிறத்தில் பெரும்பங்கு அந்தக் குடித்தனக்காரர் தந்ததுதான்.

என்னை அழைத்துப் போன இளைஞனின் தகப்பனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக அந்தமானுக்குப் போனவர். படகிலேயே அவன் சொன்னான்: "மூச்சை அடக்காதீங்க சார். எதையும் தொடாதீங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

பதினாறு மீட்டர் ஆழத்தில் இருந்தோம். திடீரென்று ஒரு நீரோட்டம் என்னைப் பக்கவாட்டில் தள்ளியது. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. அவ்வளவுதான், படித்ததெல்லாம் மறந்துவிட்டது. கை தானாக நீண்டு எதையோ பற்றியது. முருங்கைக் கிளை ஒடிவது போன்ற சத்தம் கேட்டது.

அவன் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். மூச்சு விடும்படி ஜாடை காட்டினான். பயம் தணிந்த பிறகு பார்த்தேன். ஒரு விரல் நீளத்துக்குப் பவளக் கிளை என் கையில் இருந்தது. உள்ளங்கையில் கீறல். கசிந்த ரத்தம் பச்சையாகத் தெரிந்தது. அந்த ஆழத்துக்குச் சிவப்பு ஒளி எட்டுவதில்லை. அவன் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்தத் துண்டை எடுத்துப் பாறையின் ஒரு இடுக்கில் செருகி வைத்தான். அப்படிச் செருகிய துண்டு சில சமயம் பிழைத்து ஒட்டிக்கொள்ளுமாம்.

படகில் ஏறியதும் ஏறாததுமாக, "தெரியாமல் நடந்துவிட்டது, தம்பி" என்றேன்.

"பயத்துல யாருக்கும் கை போகும் சார். எங்க தாத்தா மன்னார் வளைகுடாவுல முருகைக்கல் எடுத்தவரு. சுண்ணாம்புக் காளவாய்க்குப் படகு படகாப் போகும். அதுக்கு முன்னால இது எம்மாத்திரம்?"

நல்ல பிள்ளை, ஆறுதலுக்காகத்தான் சொன்னான். எனக்கும் இதமாகத்தான் இருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்த ஆறுதலை வளர்த்துக்கொண்டே போனேன். 2010-இல் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் ஏராளமாக வெளுத்துப் போயினவே! வெப்பம் தாங்காமல் பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடுகிறது, பிறகு பட்டினிதான். உலகக் கடல்கள் முழுவதும் நான்காம் முறையாக இப்படி வெளுப்பதாக 2024 ஏப்ரலில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அத்தனைக்கும் முன்னால் ஒரு விரல் நீளம் என்ன கணக்கு? கிளைவிடும் பவளம் நல்ல காலத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் வளரும். போனது வந்துவிடும்.

இந்த நியாயங்களில் ஒன்றும் பொய்யில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

அந்தத் தாத்தா கல் எடுத்தது வயிற்றுக்காக. பவளத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததே 2001-இல்தான். நான் போனது வேடிக்கை பார்க்க. சட்டமும் தெரியும், விதியும் தெரியும். அவர் படகின் பாரத்தைக் காட்டி என் கையின் பாரத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி நியாயமாகும்? ஊரில் பெரிய கொள்ளை நடக்கிறது என்பதால் பக்கத்து வீட்டுச் செம்பை எடுத்தவன் யோக்கியனாகிவிடுவானா?

அந்தப் பெரிய குற்றந்தான் யாருடையது? கடலைச் சுடவைத்தவன் இவன் என்று ஒருவனைக் கைகாட்ட முடியாது. ஆளுக்கொரு விறகு போட்டிருக்கிறோம். சிலர் வண்டி வண்டியாக, சிலர் சுள்ளி சுள்ளியாக. பவளத்தைப் பார்க்க நான் விமானத்தில் போனதும் ஒரு சுள்ளிதான். 'என்னுடையது எம்மாத்திரம்' என்று ஒவ்வொருவரும் சொன்னதால் மூண்ட நெருப்பு அது. அதன் வெளிச்சத்தில் நின்றுகொண்டு நானும் அதையே சொல்கிறேன்!

பயத்தில் கை நீண்டதை மன்னிக்கலாம். மூழ்குகிறவனின் கைக்கு நீதி தெரியாது. ஆனால் மூச்சு திரும்பிய பிறகு செய்தவை இருக்கின்றனவே? 'தெரியாமல்' என்ற சொல் எவ்வளவு அவசரமாக என் வாயில் வந்தது! 'அது பிழைக்குமா?' என்று கேட்க அதற்குப் பிறகுதான் தோன்றியது. நண்பர்களிடம் மீன்களையும் நிறங்களையும் பற்றி ஒரு மாலை முழுவதும் பேசினேன். கிளை ஒடிந்ததை மட்டும் விட்டுவிட்டேன். கதை எழுதுகிறவனுக்கு எதை விடவேண்டும் என்று நன்றாகத் தெரியும்.

மறுநாளும் அவனோடு இறங்கியிருந்தேன். கைகளை மார்போடு கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தான். மூச்சை இழுத்தால் உடம்பு சற்றே உயர்கிறது, விட்டால் தாழ்கிறது. கை இல்லாமலே சமாளிக்க முடிகிறது. முதல் நாளே அதைப் பழகிக்கொண்டு போயிருக்கலாம்.

துண்டைச் செருகிய இடுக்கைத் தேடினேன், அடையாளம் தெரியவில்லை. பிழைத்திருந்தால் அது அந்தப் பிள்ளையின் புண்ணியம். ஒடிந்தது என் கணக்கிலேயே இருக்கட்டும்.