நடந்ததை நடவாததாக்க முடியுமா?

நடந்ததை நடவாததாக்கக் கடவுளாலும் ஆகாது என்று 13ஆம் நூற்றாண்டில் வாதிட்டார் தாமஸ் அக்வினாஸ். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் பணப் பரிமாற்ற நிரல் எழுதிப் பிழைக்கிறவளுக்கு இது வேடிக்கையாகப் படும். ஒரு கணக்கில் பணம் கழிகிறது, மறு கணக்கில் ஏறுமுன் பிழை, உடனே ரோல்பேக். கழித்தது கழிக்காததாகிவிடுகிறது. மெத்தடின் தலையில் 'டிரான்சாக்ஷனல்' என்று ஒரு குறிப்பு போட்டால் போதும்.

ஆனால் அந்த வல்லமையின் எல்லை சிறியது. கமிட் ஆகும்வரை, அதாவது மாற்றம் உறுதியாகும்வரை, என் மாற்றத்தை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வேறெவர் கண்ணிலும் காட்டுவதில்லை. அதனால்தான் மீட்க முடிகிறது. நடுவில் வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் போய்விட்டால் தரவுத்தளம் திரும்பும், எஸ்எம்எஸ் திரும்பாது. வெளியே போவது எதுவானாலும் கமிட்டுக்குப் பிறகே போகட்டும் என்று குழுவுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளிடம் சொல்வேன். உள்ளேயும் சுவடு மிஞ்சும். வரிசை எண் வழங்கும் சீக்வென்ஸ், ரோல்பேக் ஆனாலும் கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்குவதில்லை. பட்டியலில் 1041க்கு அடுத்து 1043 நிற்கும். மனத்தால் செய்ததும் வினையே என்று சைவர்கள் சொல்வது அந்த விட்டுப்போன எண்ணைப் பார்க்கையில் எனக்கு விளங்குகிறது.

கமிட் ஆனபின் ரோல்பேக்குக்கு இடமே இல்லை. தரவுத்தள ஆய்வாளர் ஜிம் கிரே 1981இல் எழுதிய கட்டுரையில் கணக்கர்களை உதாரணம் காட்டினார்: தவறாக எழுதியதை அவர்கள் அழிப்பதில்லை, ஈடுசெய்யும் பதிவொன்றைப் புதிதாக எழுதுகிறார்கள். 1987இல் கார்சியா-மொலினாவும் சேலமும் முன்வைத்த 'சாகா' முறையும் இதன் வழிதான். நீண்ட வேலையைச் சிறு டிரான்சாக்ஷன்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அதை ஈடுசெய்யும் இன்னொன்றை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ரீஃபண்ட் வந்தாலும் ஸ்டேட்மென்ட்டில் போனதும் வந்ததும் இரண்டும் இருக்கும்.

அம்மா திருநள்ளாறு போய்வந்து "எல்லாம் கழிஞ்சுது" என்பார். பரிகாரத் தலங்களில் பலரும் கேட்பது ரோல்பேக்தான் என்று எனக்குத் தோன்றும். கிடைக்கக்கூடியது ஈட்டுப் பதிவு மட்டுமே. ஒருவரைச் சொல்லால் சுட்டது கமிட் ஆன வினை. அவர் கேட்டுவிட்டார், அதை நம்பி ஏதோ முடிவும் எடுத்திருப்பார். எனக்காக அந்தச் சொல்லை அழித்தால், அவர் பட்ட வலிக்கு இருக்கிற ஒரே சாட்சியும் சேர்ந்து அழியும். பிறகு நான் யாரிடம், எதற்கு மன்னிப்புக் கேட்பது? நடந்ததை அழிக்கும் வல்லமை கடவுளுக்கு இல்லை என்றால், அது நீதிக்கு நல்லது.