துவைக்கிற கைகள்



ஞாயிற்றுக்கிழமை நம்ம சபையிலே எத்தனை வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேலை! மிஷின் துவைத்ததல்ல. இந்த மலையின் செம்மண்ணையும் பலாப்பாலையும் கல்லிலே கசக்கி வெளுத்தது நம் சகோதரிகளின் கை.

51-ம் சங்கீதத்தில் தாவீது தன்னைக் கழுவும்படி கேட்கிறான். எபிரெயுவிலே உடம்பு கழுவ ஒரு சொல், துணி துவைக்க வேறொரு சொல். தாவீது கேட்டது துணிக்குரிய சொல்லிலே! அந்நாளில் துணியை மிதித்துத் துவைப்பார்கள். "ஆண்டவரே, என்னை மிதித்தாகிலும் அழுக்கை எடும்" என்கிற ஜெபம் அது. நமக்கோ தெளிப்பு போதும்!

பலாப்பால் கறைக்கு முதலிலே தேங்காய் எண்ணெய் தேய்த்து இளக்கணும், அப்புறம்தான் சோப்பு. இரத்தக்கறைக்கு வெந்நீர் ஊற்றினால் பிடித்துக்கொள்ளும், பச்சைத்தண்ணீர்தான். ஆண்டவருக்கும் இந்தப் பக்குவம் தெரியும். தாவீதிடம் நாத்தானை அனுப்பினார். அவன் முதலிலே ஆட்டுக்குட்டிக் கதை சொன்னான், பிறகுதான் அடித்தான்.

சகோதரர்களே, சலவைச் சோடா பட்டு வெடித்த கையை வீட்டிலே பார்த்தீர்களா? நம்ம கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட், குஷ்டரோகிகளின் விரல்கள் அழிவது வலி தெரியாமல் காயப்படுவதாலே என்று கண்டறிந்தார். சபை ஒரே சரீரம் என்கிறோம். அந்தக் கை எரிவது உமக்கு உறைக்கவில்லையென்றால் வியாதி யாருக்கு?

வருகிற சனிக்கிழமை தண்ணீர்க் குடத்தை நீங்க சுமங்க. ஈரக் கம்பளியைப் பிழிய இரண்டு பேர் வேணும். ஒரு முனையை நீங்க பிடிங்க.