பிறர் கைத் தண்ணீர்

திருமலையில் மனிதர் பூச்சூடுவதில்லை. மலைமேல் மலர்கின்ற மலரனைத்தும் வேங்கடவனுக்கே உரியவை என்ற சம்பிரதாயத்தின்படி, பூவின்றி ஒருநாளும் வெளியே கிளம்பாத பெண்களும் அங்கே வெறுங்கூந்தலோடு வலம் வருகிறார்கள். சுவாமிக்குச் சாத்திக் களைந்த மாலையைப் பிரசாதமாகக் கொடுக்கும் வழக்கமும் அங்கில்லை. முற்காலத்தில் அவை கோயிலுக்குள்ளிருக்கும் பூங்கிணற்றில் சேர்க்கப்பட்டன. 2021 முதல் தேவஸ்தானத்தார் தம் கோயில்களில் களைந்த மலர்களைக் கொண்டு ஊதுவத்தி செய்து விற்று வருகிறார்கள்.

அந்த மலையின் அடிவாரத்தில் வாழ்கிற நாங்களோ, வீட்டுக்குள் வளர்க்கும் செடியை முழுக்க முழுக்க எங்களுடைய சொத்தாகவே பாவிக்கிறோம். திருப்பதியிலும், சுமார் 70 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சித்தூரிலும், முற்றமும் கிணற்றடியும் இருந்த வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. முற்றத்தில் நின்ற துளசி மாடம் பால்கனிக் கம்பியோரத் தொட்டியாயிற்று. கூடத்து மேசையில் மணி பிளாண்ட்டும் ஜன்னலோரத்தில் கற்றாழையும் குடியேறின. மண்ணை விட்டுப் பிரிந்த மனிதன் ஒரு பிடி மண்ணையாவது தன்னோடு வைத்துக்கொள்ள விரும்புவது இயல்பே. ஆனால் அந்தச் செடிக்கு நாம் செய்யும் பராமரிப்பில் செடியின் தேவை எவ்வளவு, நம்முடைய ஆசை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நம்மில் பலருக்கும் மனம் வருவதில்லை.

செடி வளர்ப்போர் அனைவருக்கும் முன்னோடியாக இந்த வட்டாரத்தில் சொல்லப்படுபவர் அனந்தாழ்வான். திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கரியம் செய்ய யார் முன்வருவீர் என்று இராமானுஜர் கேட்டபோது, குளிருக்கும் வனவாசத்துக்கும் அஞ்சாமல் எழுந்து வந்தவர் அவர். மலைமேல் நந்தவனம் அமைத்து ஆசாரியன் பெயரையே அதற்கு இட்டார். செடிகளுக்கு நீர் வேண்டி ஏரி வெட்டினார். அவர் வெட்டிய மண்ணைக் கருவுற்ற மனைவி கூடையில் சுமக்க, அவள் படும் பாட்டைக் கண்டு ஒரு சிறுவன் வந்து கைகொடுத்தான் என்றும், இந்தக் கைங்கரியத்தில் அந்நியர் பங்கு கூடாதென்று சினந்த அனந்தாழ்வான் கடப்பாரையை வீச, அது சிறுவனின் மோவாயில் பட்டதென்றும், பிறகு சந்நிதியில் பெருமாளின் மோவாயிலேயே குருதி வழியக் கண்டு பதறிப் பச்சைக் கற்பூரத்தை அப்பினார் என்றும் ஐதிகம். அந்தக் கடப்பாரை இன்றும் மகாத்துவாரத்தருகே காட்சிக்கு இருக்கிறது. பக்தர்கள் இந்தக் கதையில் பகவானின் எளிமையையே காண்கிறார்கள். எனக்கோ, அதைக் கேட்கும்போதெல்லாம், சேவை செய்கிறவனுடைய உள்ளத்தில் ஒளிந்திருக்கும் ஒரு பொறாமைதான் முதலில் கண்ணில் படுகிறது. செடிக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பது ஓர் ஆசை. அது என் கையால்தான் போய்ச் சேர வேண்டும் என்பது முற்றிலும் வேறான ஆசை. இரண்டும் ஒரே வேஷத்தில் வருவதால் மகான்களே மயங்கினார்கள் என்றால், தொட்டிச்செடி வளர்க்கும் நாம் எம்மாத்திரம்!

இந்த இரண்டாவது ஆசை என்ன செய்யும் என்பதை ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் அறியலாம். வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கிடையே உள்ள இடைவெளி முழுவதும் நீரால் நிறைந்து கிடந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது. ஆரோக்கியமான வேர் வெளுப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். அழுகிய வேரோ பழுப்பேறி வழவழப்பாகி, விரலால் உருவினால் மேல்தோல் கையோடு வந்து உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். விபரீதம் என்னவென்றால், வேர் அழுகிய செடி நீரை உறிஞ்ச மாட்டாமல், தாகத்தால் வாடிய செடியைப் போலவே தலை சாய்ந்து நிற்கிறது. அதைப் பார்த்து இரக்கம் மேலிட்டு வீட்டுக்காரர் இன்னொரு செம்பு ஊற்றுகிறார்! விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இருந்தால் செம்போடு திரும்பிவிடுவதுதான் வைத்தியம். அந்தத் திரும்பி வருதல்தான் கடினம். அன்று செடிக்கு எதுவுமே செய்யவில்லையே என்ற குறுகுறுப்பு நம்மை உறுத்துகிறது.

எங்கள் ஊர்ச் சீதோஷ்ணத்தையும் சிறிது சொல்ல வேண்டும். சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது மண்தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலோ வாரக்கணக்கில் ஈரம் போகாது. ஆகையால் தினம் இவ்வளவு நீர் என்று நியமம் வைத்துக்கொள்பவர் செடியைப் பார்க்காமல் காலண்டரைப் பார்க்கிறார். ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரால் தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் பூப்பு படிந்தால் மேல்மண்ணைச் சுரண்டி மாற்றிவிடலாம். மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலக்கித் தெளிக்கலாம். இவையெல்லாம் நர்சரிக்காரர் எவரும் சொல்வார்.

துளசியின் விஷயம் வேறு. வெயில் படாத பால்கனியில் அது வெளிச்சத்தைத் தேடித் தேடி ஒல்லியாய் நீண்டு இலை சிறுத்துப்போகும். கதிர்விட்டு விதை முற்றினால் இலை தழைப்பது குறைந்து செடியே சீக்கிரம் முடிந்துபோகும். கதிரைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடித்துச் செடி நெடுநாள் நிற்கும். ஆயினும் லக்ஷ்மியின் அம்சமென்று தினமும் விளக்கேற்றிச் சுற்றிவருகிற செடியின்மேல் நகம் படலாமா என்று தயங்குவோர் அநேகர். துவாதசியன்று துளசி பறிக்கலாகாது என்று விலக்கு வைத்த அந்த முன்னோரே ஏனைய நாட்களில் அர்ச்சனைக்குக் கைநிறையக் கிள்ளினார்கள் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். பூஜைக்குக் கிள்ளிய கை அறியாமலே செடிக்கும் நன்மை செய்தது என்பது என் துணிபு.

திருமலையும் அடங்கிய இந்தச் சேஷாசல மலைகளில், உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத சைகஸ் பெடோமி என்ற தாவரம் ஒன்று உண்டு. சென்னை மாகாணத்து வன அதிகாரியாக இருந்த பெடோமின் பெயரைத் தாங்கிய அது, பார்வைக்குச் சிறு ஈச்சை போலிருக்கும். காட்டுத் தீயில் ஓலை கருகினாலும் தடித்த அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்க்கும். வறண்ட சரிவில் யாரும் நீர் வார்க்காமல் வாழ்ந்துவந்த அதற்கு ஆபத்து மனிதன் அதை விரும்பத் தொடங்கியதால் வந்தது. மருந்துக்கென்று அதன் ஆண் கூம்புகளை வெட்டுகிறார்கள். அதைச் சர்வதேச வர்த்தகத்திலிருந்து காக்கச் சட்டம் குறுக்கிட வேண்டியதாயிற்று.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொட்டிகளை மேற்கு வெயில் விழாத இடத்தில் ஒன்றாகச் சேர்த்து வைத்து, சாவியை அண்டை வீட்டில் கொடுங்கள். அந்த வீட்டுக் குழந்தை செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தால் தடுக்காதீர்கள். மண்ணில் விரல் விட்டுப் பார்க்க மட்டும் ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டு நிம்மதியாக ரயில் ஏறுங்கள்.