ஒரு நாள் பிரசங்கி

கதை எழுதுகிறவனைப் பேசக் கூப்பிடுவது நம் பக்கத்தில் ஒரு வழக்கம். கதையைப் படித்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. நோட்டீஸில் போடுவதற்கு ஒரு பெயர் வேண்டும்; வழிச்செலவு கொடுத்தால் ஆள் வந்து சேர வேண்டும். இவ்வளவுதான் தகுதி. நானும் போயிருக்கிறேன். கல்லூரி விழா, வாசகசாலை, கோயில் திருவிழாவின் மூன்றாம் நாள், வியாபாரிகள் மாதம் ஒரு முறை கூடித் 'தலைமைப் பண்பு' கேட்கிற கூட்டம். சொந்த வீட்டில் ஜன்னலைத் திறக்கக்கூட உத்தரவு கேட்கிற நான், தலைமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் மனச்சாட்சி சும்மா இருந்தது. அது வாயைத் திறந்தது கன்னிவாடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்.

பல வருஷங்களுக்கு முன் நடந்தது. திண்டுக்கல்லிலிருந்து மேற்கே போகிற பஸ் கன்னிவாடியை நெருங்கும்போது, மலை ஜன்னலுக்குள்ளேயே வந்துவிடும். இறங்கி இன்னும் கொஞ்ச தூரம் போக வேண்டும். சின்னத் தேவாலயம், ஓட்டுக்கூரை. அறுப்பின் பண்டிகை என்று வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். உள்ளே பூசணியும் தேங்காயும் சோளக்கதிருமாகக் காணிக்கை குவிந்து கிடந்தது. நான் கிறிஸ்தவன் அல்லன். அதை அவர்கள் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

"பொதுவா நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க, ஐயா. மன்னிப்பைப் பத்திச் சொன்னீங்கன்னா ரொம்ப நல்லது" என்றார் போதகர்.

சொன்னேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன், நன்றாகவே சொன்னேன். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசைத் தலைகள் ஆடின. பெண்கள் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது. பேச்சில் உருக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உருக்கத்தைக் கூட்டினேன். முடிந்ததும் பொன்னாடை, ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கவர்.

வெளியே வேப்பமரத்தடியில் ஒரு கிழவி காத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, மன்னிக்கச் சொன்னீங்க. கிணத்தை எடுத்துக்கிட்டவுங்க மன்னிக்கணுமா, பறிகுடுத்தவ மன்னிக்கணுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே விளக்கினாள். பொதுக் கிணறு. மூன்று பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் இறைத்த கிணறு. புருஷன் போன பிறகு அவள் முறையை மறித்துவிட்டார்கள். மறித்தவர் சபையில் பெரிய மனிதர். சற்று முன்தான் எனக்குப் பொன்னாடை போர்த்தியவர்.

"வர்ற பொதன்கிழமை வாய்தா. போகவா, விட்டுக் குடுத்திரவா? நீங்க சொன்னாச் சரி."

என்ன சொல்ல? "உங்க மனசு என்ன சொல்லுதோ அப்படிச் செய்யுங்கம்மா" என்றேன்.

"அது ஒண்ணும் சொல்லலேன்னுதானே உங்களைக் கேக்குறேன்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள். அந்தக் குரலுக்கு நான் அன்று பட்ட நன்றியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

வழியில் போதகரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "நான் சொன்னா ஒரு பக்கம் சாய்ஞ்சேன்னு ஆயிடும், ஐயா. நாளைக்கும் ரெண்டு வீட்டுக்கும் ஜெபத்துக்குப் போகணும். வெளியூர்க்காரர் வாயிலிருந்து வந்தா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கன்னு பார்த்தேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஊரிலேயே இருக்கிறவன் சொல்ல முடியாததை வந்து போகிறவன் சொல்லலாம். அவனுக்குப் பங்காளி இல்லை, கடன் இல்லை, கட்சி இல்லை. விருந்தாளியின் பலமே அதுதான். ஆனால் அவனுக்கு விஷயமும் தெரியாது. போதகருக்கு எல்லாம் தெரிந்தும் வாய் திறக்க முடியவில்லை. எனக்கோ ஒன்றும் தெரியாமலே வாய் நிறையப் பேச முடிந்தது. யாரை மன்னிக்கச் சொல்கிறோம் என்று தெரியாமல் மன்னிப்பைப் போதித்தால், அந்தப் பாரம் நஷ்டப்பட்டவன் தலையில்தான் போய் உட்காருகிறது. எடுத்துக்கொண்டவன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறான்.

சபையின் ஆரம்ப காலத்து நூல் ஒன்று இருக்கிறது. 'டிடகே' என்று பெயர். கிரேக்க மொழியில் எழுதப்பட்டது. 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு பழஞ்சுவடியில் அகப்பட்டு, 1883-இல் அச்சாயிற்று. ஊர் ஊராகப் போகும் போதகர்களுக்கு அதில் கறாரான விதிகள் உண்டு. ஒரு நாள் தங்கலாம். அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் போலி. புறப்படும்போது அடுத்த ஊர் சேரும் வரைக்குமான ரொட்டி மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பணம் கேட்டாலும் போலி. போதித்ததைச் செய்யாவிட்டாலும் போலி. படித்தபோது என் சட்டைப்பையிலிருந்த கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஆனால் என் வழக்குக்கு இந்த விதி போதாது. அந்தக் காலத்தவர்கள், அதிகம் தங்கி உண்கிறவனுக்குப் பயந்தார்கள். சீக்கிரம் பஸ் ஏறுகிறவனுக்கு அவர்கள் விதி எழுதவில்லை.

அதற்கு எங்கள் மதுரையில் ஓர் உதாரணம் உண்டு. 1921 செப்டம்பரில் காந்தி மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தார். அவரும் வந்து, பேசி, மறு ஊர் போகிற விருந்தாளிதான். அதே வண்டியில் அந்நியத் துணி உடுத்தியவர்கள் கும்பலாக இருந்தார்கள். கதர் கட்டுங்கள் என்று அவர்களிடம் வாதாடினார். வாங்க வசதி இல்லை, நாங்கள் ஏழைகள் என்று தலையை அசைத்துவிட்டார்கள். சாமர்த்தியமான பிரசங்கியானால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். எனக்கே இரண்டு மூன்று தோன்றுகிறது. காந்தியோ அந்தப் பதிலில் இருந்த உண்மையை எடுத்துக்கொண்டார். அவர் மேல் சட்டையும் குல்லாயும் முழு வேட்டியும் இருந்தன. மேலமாசி வீதியில் தங்கிய வீட்டிலிருந்து 22-ஆம் தேதி காலை வெளியே வந்தபோது இடுப்பில் முழத்துண்டு மட்டும்தான். அந்த யோசனை அவர் மனத்தில் முன்பே இருந்ததுதான், தீர்மானமானது இங்கே.

அவருடைய துறவை நான் இங்கே சொல்ல வரவில்லை. அதெல்லாம் நமக்கு எட்டாத விஷயம். கேட்டவன் சொன்ன பதில், பேசினவனை மாற்றியது என்பதைத்தான் சொல்கிறேன். நான் அன்று அந்தக் கிழவியின் கேள்விக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றிருந்தால்கூடப் போதும். பஸ் போனால் போகட்டும் என்று இருந்திருந்தால், மன்னிப்பைப் பற்றி அவளிடமிருந்து எனக்கு ஏதாவது தெரிந்திருக்கும்.

வீடு வந்து இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. மூன்றாம் நாள் போதகருக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்பதற்கும் வாய்தாவுக்குப் போவதற்கும் விரோதமில்லை. உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டும் ஒருவரை மன்னிக்கலாம். அந்த அம்மாளை அவசியம் கோர்ட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன்.

பதில் வந்தது. என் கடிதம் வியாழக்கிழமைதான் கிடைத்ததாம். புதன்கிழமை அந்த அம்மாள் கோர்ட்டுக்குப் போகவில்லை. "தங்கள் பிரசங்கம் அவர்கள் மனதைத் தொட்டுவிட்டது" என்று போதகர் சந்தோஷமாகவே எழுதியிருந்தார். அடுத்த வருஷப் பண்டிகைக்கும் நானே வர வேண்டுமாம். சமாதானத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம்.

வருகிறேன், ஆனால் இரண்டு நாள் முன்னதாக வந்து தங்குகிறேன், அந்த அம்மாள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேச வேண்டும், பிறகு கிணற்றையும் பார்க்க வேண்டும் என்று எழுதிப் போட்டேன். அந்தப் பண்டிகைக்குத் திண்டுக்கல்லிலிருந்து வேறொருவர் வந்து பேசியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.