ஊழும் உடலும்: நெய்யாற்றின்கரை எல்லையூர்களை முன்வைத்து

திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரத்தையும் (38) ஆள்வினையுடைமைக்கு மற்றோர் அதிகாரத்தையும் (62) வகுத்துள்ளது. இவை முரண்படுகின்றனவா என்பது உரையாசிரியர்களும் எதிர்கொண்ட வினா. ‘மருந்து’ அதிகாரமோ (95) நோயை உண்பவனின் அளவறிதலோடு பிணைக்கிறது. நீரிழிவு குறித்த இன்றைய உடலியல் ஆய்வுகள் இவ்வினாவை வேறொரு வாயில் வழியே மீண்டும் எழுப்புகின்றன.

உடலின் வெண்கொழுப்பு ஆற்றலைச் சேமிப்பது. பழுப்புக் கொழுப்பு அதனை எரித்து வெப்பமாக்குவது. குழந்தைப் பருவத்தோடு மறைவதாகக் கருதப்பட்ட பழுப்புக் கொழுப்பு வளர்ந்தோரிடமும் இயங்குவதை 2009இல் வெளிவந்த ஆய்வுகள் நிறுவின. 2014இல் நெதர்லாந்தின் லெய்டன் ஆய்வாளர்கள் தெற்காசிய வழியினரான மெலிந்த இளைஞர் 12 பேரை ஐரோப்பிய வழியினர் 12 பேருடன் ஒப்பிட்டனர். முன்னவரிடம் பழுப்புக் கொழுப்பின் கனஅளவு 34 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. எரியாத ஆற்றல் தேங்கி நீரிழிவுக்கு வழிகோலக்கூடும் என்பது அவர்தம் கருதுகோள். இருபத்து நால்வரைக் கொண்டு ஒரு துணைக்கண்டத்தை அளந்துவிட இயலாது. எனினும் ‘தெற்காசிய உடல்’ என்னும் தொடர் எளிதாகப் புழங்குகிறது. புதியதொரு ஊழ் எனவே அதனைக் கொள்ளலாம்.

இத்தொடரைப் பாறசாலையில் நிறுத்திப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரியும் நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளையில் எல்லை கடப்பவரின் பேச்சு, மீன், மரச்சீனி, உறவுமுறை எவையும் அங்கே அறுபடுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான கணக்கெடுப்பு கேரளத்தில் நீரிழிவை 25.5 விழுக்காடு என்கிறது. தமிழ்நாட்டு எண் அதனினும் மிகக் குறைவு. இவை மாநிலச் சராசரிகளே, எல்லையூர்களின் எண்கள் அல்ல; கணக்கெடுத்த ஆண்டுகளும் வேறு. ஆயினும் இவ்வேறுபாட்டை இனத்தால் விளக்க முடியாது.

அவ்வாறெனில் முயற்சியின்மையே காரணமா? இதற்கும் நெய்யாற்றின்கரையிலேயே சான்று உண்டு. அவ்வட்டத்தின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் நோயிடர் மிக்க 1,007 பேரிடம் நிகழ்ந்த கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2018இல் வெளியாயிற்று. ஊராரே வழிநடத்திய குழுக்களில் சேர்ந்தோர் மதுவைக் குறைத்தனர்; காய்கனிகளைக் கூடுதலாக உண்டனர். இரண்டாண்டு முடிவில் அவர்களுள் 14.9 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர், ஏனையோருள் 17.1 விழுக்காட்டினர். தற்செயல் என்று ஒதுக்க இயலாத அளவுக்கு இவ்வேறுபாடு பெரிதன்று. முயன்றும் நோயுற்ற ஒருவரைச் சோம்பலுடையார் எனப் பழித்தல் அறமாகாது.

புனேயில் யாக்னிக் நிகழ்த்திய ஆய்வுகள் மூன்றாவதொரு வழியைக் காட்டுகின்றன. எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தையின் உடலில் தசை குறைவாகவும் கொழுப்பு ஒப்பளவில் மிகுந்தும் உள்ளன. கருவுற்ற தாயின் ஊட்டம் குழந்தையின் உடலில் எழுதப்படுகிறது. இங்கு ஊழ் என்பது குருதியும் அன்று, தன் முன்வினையும் அன்று. தாய்க்கு உணவு தராத சமூகத்தின் வினை. அதன் பயனைத் துய்ப்பவர் ஒருவர், செய்தவர் பிறர். இந்நிலையில் பொறுப்பை உண்பவன்மீது மட்டும் ஏற்றுதல் பொருந்தாது.

நெய்யாற்றின்கரையில் பங்கேற்பாளரைத் தேர்ந்த இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் முறை இனத்தைக் கேட்பதில்லை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோரின் நோய் ஆகிய நான்கையே கேட்கிறது. இரண்டு ஊழின்பாற்படும், இரண்டு ஓரளவேனும் ஆள்வினையின்பாற்படும். பெற்றோருக்கு நீரிழிவு இருந்ததெனப் பாறசாலைக்காரர் கூறினும் களியக்காவிளைக்காரர் கூறினும் அதற்கு மதிப்பெண் ஒன்றே.