ஏருக்குப் பின்னால் மழை

ஓர் ஊரையோ திட்டத்தையோ வானளாவப் புகழ்ந்து மக்களை அதன்பால் ஈர்ப்பவர்களைப் பொய்யர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அவர்களுள் பலர் தாம் சொல்வதைத் தாமே முதலில் நம்பியவர்கள் என்பதால், அவர்களை மதிப்பிடுவது அவ்வளவு எளிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் புதிய ஊர்களுக்கு ஆளும் முதலும் திரட்டிய இத்தகையோர் பின்னாளில் 'பூஸ்டர்கள்' எனப்பட்டனர். 1830களில் சேற்று நிலமாகக் கிடந்த சிகாகோவைப் பெருநகரம் என்று அவர்கள் பேசியபோது சிரித்தவர்கள் இருந்திருக்கலாம்; 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது. அந்த உற்சாகம் இல்லையேல் அவ்வூரும் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

நெப்ராஸ்காவிலும் கான்சஸிலும் நடந்தது வேறு. 1862இல் இயற்றப்பட்ட ஹோம்ஸ்டெட் சட்டம், அதாவது குடியேறுவோருக்கு அரசு நிலம் வழங்கும் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிரிடுவோருக்கு 160 ஏக்கரைச் சிறு கட்டணத்தோடு உரிமையாக்கியது. பாதையோர நிலங்களை அரசிடமிருந்து மானியமாகப் பெற்றிருந்த ரயில் நிறுவனங்களுக்கோ, நிலம் விற்று, அதில் விளைந்த தானியம் வண்டியேறினால்தான் வருவாய். இடையூறு ஒன்றுதான்: நூறாவது மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி ஆண்டு மழை இருபது அங்குலத்துக்குக் கீழே இறங்கிவிடும், அதற்கு மேற்கே வானத்தை மட்டும் நம்பிப் பயிரிடுவது சூதாட்டம்.

அந்த இடையூறையும் உற்சாகம் கடந்தது. உழுத மண் பஞ்சுபோல நீரை உறிஞ்சி மெல்ல ஆவியாக வெளிவிடும், ஆகவே நிலம் உழப்பட உழப்பட மழையும் பெருகும் என்று சாமுவேல் ஆகி என்ற நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பேராசிரியர் விளக்கினார். ஏரைப் பின்தொடர்ந்து மழை வரும் என்று சார்லஸ் டேனா வில்பர் 1881இல் வெளிவந்த தம் நூலில் அதையே முழக்கமாக்கினார். தற்செயலாக அவ்வாண்டுகளில் மழையும் மிகுந்து பெய்தது. குடியேறியவர் கண்ணெதிரே கோட்பாடு மெய்ப்பட்டபோது, அதை மறுப்பதற்குத்தான் துணிவு வேண்டியிருந்தது.

1890களின் வறட்சியில் மேற்குக் கான்சஸிலும் மேற்கு நெப்ராஸ்காவிலும் குடும்பங்கள் நிலத்தை விட்டுக் கிளம்பின. ரயில் நிறுவனம் விற்ற நிலத்தின் விலையைத் திருப்பித் தரவில்லை, நூல் எழுதியவர் விதை இழக்கவில்லை. ஐந்தாண்டு உழைப்பை இழந்தவர் உழவர் மட்டுமே. உற்சாகமூட்டுபவரின் நேர்மையைவிட, அவர் சொன்னது பொய்த்தால் இழப்பு யாரைச் சேரும் என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வி. சிகாகோவில் முழங்கியவர்களுள் பலர் தம் சொந்த முதலையும் அங்கேயே போட்டிருந்தனர். மழையை வாக்களித்தவர்களைப் பற்றி அவ்வாறு சொல்வது கடினம்.

உற்சாகத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: எச்சரிக்கையை அது துரோகமாகக் காண்கிறது. நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு கையை இழந்தவர். அதன்பின் 1869இல் கொலராடோ ஆற்றின் வழியே படகில் பயணித்தவர். அவரைக் கோழை என்று சொல்ல எவராலும் இயலாது. வறண்ட நிலத்தில் மேய்ச்சல் பண்ணை ஒன்றுக்கு 2,560 ஏக்கர் வேண்டும் என்றும், பாசன நிலம் நீரின் அளவுக்கே அமைய வேண்டும் என்றும் வறண்ட நிலங்களைப் பற்றிய தம் 1878ஆம் ஆண்டு அறிக்கையில் அவர் எழுதினார். 1893இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கூடிய பாசன மாநாட்டில், இருக்கும் நிலத்துக்கெல்லாம் நீர் போதாது என்று அவர் சொன்னபோது அவையினர் கூச்சலிட்டனர். அவர்கள் தீயவர்களல்லர், நீரை வேண்டி வந்தவர்களிடம் அவர் நீரில்லை என்றார், அவ்வளவுதான்.

மறு ஆண்டே பவல் நிலவியல் ஆய்வுத் துறையின் இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகி, 1902இல் இறந்தார். 1909இல் அமெரிக்க நாடாளுமன்றம் வறண்ட நிலத்துக்கெனத் தனியே சட்டம் இயற்றிப் பழைய 160 ஏக்கரை 320 ஆக்கியது. மேய்ச்சல் பண்ணைக்கு அவர் கேட்டதில் அது எட்டில் ஒரு பங்கு.